மாலை எண்ணிக்கையும் காலை எண்ணிக்கையும்

ரகு,

சமையலறையில் நீ மாட்டிய கேமராவிலிருந்து எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கீழ்வீட்டு ஷிப்ராதான் என் போனை வாங்கி ஓடவைத்துக் காட்டினாள். அதில் இருப்பது நான்தான். தலையில் குரங்குக் குல்லா, தோளில் சால்வை, விளக்குகூடப் போடாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே வருகிறேன். சர்க்கரை டப்பாவைத் திறக்கிறேன். கரண்டியைத் தேடவில்லை, கையாலேயே அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. படத்தின் மூலையில் மணி 3.12 என்று ஓடுகிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, மாட்டிக்கிட்டீங்க." பக்கத்தில் இரண்டு சிரிக்கிற முகம். ஷிப்ரா சிரிக்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ போடட்டுமா காக்கு என்று, எப்போதும்போலச் சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள். அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முதல் நாள் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். மறுநாள் நீ கத்தினாய், நான் வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் காகிதத்தில், தமிழில் எழுதுகிறேன். வங்காள மொழியை நீ ஓட்டமாகப் படிப்பாய், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அப்படி மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம் இது. ஷிப்ரா இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். கையெழுத்துப் பிரதி நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குப் போகும். கிடர்பூர் துறைமுக நினைவுகள் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள், அதற்குப் பதில் இதைக் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு பழியை நான் பத்துப் பேர் முன்னால் போட்டேன். அதை எடுப்பதும் அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் வந்து என்னை டாக்டரிடம் அழைத்துப் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அப்பா ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தின்கிறார், காலைச் சர்க்கரை எண் ஏறிக்கொண்டே போகிறது என்று அவரிடம் நீயே பேசி வைத்துவிட்டாய். இரவு இன்சுலின் ஊசியில் நாலு யூனிட் கூட்டலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். இந்த எழுபத்து நாலு வயது வரைக்கும், சம்பளத்தை நிறுத்திவைத்த மேலதிகாரிக்கு நான் பயந்ததில்லை, கிடங்கில் கத்தியைக் காட்டியவனுக்கும் பயந்ததில்லை. இப்போது அந்த நாலு யூனிட்டை நினைத்து, இரவு ஒன்பது மணி ஆனால் பயம் வருகிறது. வாசல் கதவைத் தாழ்போட்டு, பிறகு திறந்து, மறுபடி போடுகிறேன். திங்கட்கிழமைக்குள் நீ இதைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்க வேண்டும்.

முப்பத்தேழு வருஷம் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியையும் மூட்டையையும் எண்ணி எழுதுகிற வேலை. சாயங்காலம் ஷெட்டில் இருக்கும் சரக்கை எண்ணி, கதவைப் பூட்டி, பூட்டுக் கம்பியில் ஈய முத்திரை நசுக்கிவிட்டு வருவோம். காலையில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, திறந்து, மறுபடி எண்ணுவோம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் யாரோ உள்ளே புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். நடுராத்திரியில் போய் எண்ணுகிற வழக்கம் எந்த ஷெட்டிலும் கிடையாது. பூட்டிய சரக்கு விடியும்வரை அசையாது, அதற்காகத்தானே பூட்டுகிறோம். என் ஷெட்டில் மட்டும் எத்தனை பேரை இந்த இரண்டு எண்ணை வைத்தே பிடித்திருக்கிறேன் என்று உனக்குச் சின்ன வயதில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதில் இருந்த பெருமையும் உனக்குத் தெரியும். அந்தப் பெருமையைத்தான் உன் அம்மாவின் உடம்புக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

அவளுக்கு ஊசி ஆரம்பித்த வருஷம், சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் நோட்டையும் நான் எடுத்துக்கொண்டேன். உனக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு ஓர் எண், காலை ஆறு மணிக்கு ஓர் எண். டாலித் தாளில் போடுவது போலவே இரண்டு பத்தி. முதல் வாரத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. ராத்திரி 132 இருந்தது காலையில் 187 ஆகியிருந்தது. இடையில் எட்டு மணி நேரம் தூக்கம். நான் அவளைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன்.

"ராத்திரி என்ன தின்ன?"

"ஒண்ணும் இல்லைங்க. தண்ணிகூடக் குடிக்கல."

"அப்போ இந்த அம்பத்தஞ்சு எங்கேருந்து வந்தது? பறந்து வந்ததா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? குத்திப் பாத்தது நீங்கதானே."

அவளுக்கு அப்படிப் பேசத் தெரியும். எனக்கு அது திமிராகப் பட்டது. மறுநாளும் ஏறியிருந்தது, அதற்கு மறுநாளும். ராத்திரியில் யாரோ உள்ளே புகுகிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர், அதில் ஒருவன் நான். இதற்குமேல் எனக்கு விசாரணை தேவைப்படவில்லை. ஃப்ரிட்ஜில் பிஸ்கட் பாக்கெட்டை எண்ணிவைத்தேன். எண்ணிக்கை குறையவில்லை. குறையாததைக்கூட நான் அவளுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை, வெளியிலிருந்து வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பீரோவில் புடவைகளுக்கு நடுவே கையைவிட்டுப் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கலைத்ததை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப அடுக்கினாள்.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து, வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லும் பிஜோயாவுக்கு எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஷிப்ரா ஒரு தட்டு நிறைய சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்திருந்தாள். சங்கத்துக்காரர்கள் இரண்டு குடும்பம், மாடிவீட்டுக்காரர்கள், நீ. உன் அம்மா ஒரு சந்தேஷைப் பாதியாகப் பிட்டு, பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, மீதியை வாயருகே கொண்டுபோனாள். டாக்டரே நல்ல நாளில் அவ்வளவு தின்னலாம் என்றிருந்தார். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவளுக்குக் கொடுக்காதீர்கள், அவள் பங்கை ராத்திரியே எடுத்துக்கொண்டுவிட்டாள், பகலில் பத்தியம், ராத்திரியில் திருட்டு என்றேன். ஷிப்ராவுக்குப் புரியட்டும் என்று வங்காள மொழியிலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ஏம்மா, எடுக்கிறதுதான் எடுக்கறே, எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று நீ கேட்டாய். அவளும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாதியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டிலும் இனிப்பைத் தொட்டதில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சிரிப்பை ஆரம்பித்தவன் நான். ஆனால் போனில் நீ அனுப்பிய அந்த இரண்டு முகத்தைப் பார்த்தபோது அன்றைக்கு இருந்த சிரிப்புதான் எனக்குக் கேட்டது.

பிறகு பூட்டு வந்தது. சமையலறைச் சுவர் அலமாரியில் சர்க்கரை, வெல்லம், தேன், வாழைப்பழம் எல்லாவற்றையும் வைத்து, ஷெட்டிலிருந்து ஓய்வுபெற்றபோது கொண்டுவந்த பித்தளைப் பூட்டைப் போட்டேன். சாவி என் தலையணைக்கு அடியில். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, காபிக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட் பாஸ் வாங்க வேண்டும் என்று கிண்டல் செய்தாய். பூட்டு போட்ட பிறகும் காலை எண் இறங்கவில்லை. நான் டாக்டரிடம் போய், இவள் ராத்திரியில் தின்கிறாள் என்று சொன்னேன். நீ இப்போது என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாயே, கிட்டத்தட்ட அதே வார்த்தை. அவர் இரவு ஊசியில் இரண்டு யூனிட் கூட்டி, ஒரு வாரம் அதிகாலை மூன்று மணிக்கும் குத்திப் பாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அதை விட்டுவிட்டேன். மாலை ஒன்று, காலை ஒன்று, நடுவில் எண்ணுவது எதற்கு? இரண்டு கூட்டியும் இறங்காதபோது அவரைக் கேட்காமல் நானே மேலும் இரண்டு கூட்டினேன். இரவுச் சாப்பாட்டில் ஒரு ரொட்டியைக் குறைத்தேன். பிறகு இன்னும் இரண்டு. காலை எண் முன்னைவிட அதிகமாக ஏறியது. எனக்கு ரோஷம் வந்தது.

ஒருநாள் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். தன் வாழ்க்கையில் என்னிடம் அதிகம் எதுவும் கேட்காதவள். ராத்திரியில் திடீர் திடீரென்று வேர்த்து விழிப்பு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, கெட்ட கனவாக வருகிறது என்று இரண்டு மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். அதற்கு அவள், "ஒரே ஒரு நாள் ராத்திரி முழிச்சிருந்து என் பக்கத்துல உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லுங்க" என்றாள். எனக்கு ஐந்தரைக்கு எழுந்து ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும், தூக்கம் கெட்டால் தலைவலி வரும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பௌஷ மாதக் குளிர், நம் மார்கழி. புது வெல்லம் வந்திருந்த சமயம், அதுவும் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பக்கத்தில் அவள் இல்லை. சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். அலமாரிக்குக் கீழே தரையில் சாய்ந்து கிடந்தாள். பூட்டின் வளையத்துக்குள் தோசைத் திருப்பியின் காம்பு செருகியிருந்தது, காம்பு வளைந்திருந்தது. ரகு, என் மனதில் முதலில் வந்தது என்னவென்று எழுதிவிடுகிறேன். சந்தோஷம் வந்தது. மாதக் கணக்காகத் துரத்தியவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். "மாட்டிக்கிட்டியா?" என்றேன். நான் இன்னும் ஏதோ சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, அரை நிமிஷம் இருக்கலாம், இரண்டு நிமிஷம் இருக்கலாம். பிறகுதான் அந்தக் குளிரில் அவள் புடவை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. விரலைக் குத்தி மீட்டரில் வைத்தேன். எண் வரவில்லை. எண்ணுக்கும் கீழே போய்விட்டால் அந்த மீட்டர் 'லோ' என்று எழுத்தைக் காட்டும். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை.

கீழே ஓடி ஷிப்ராவின் கதவைத் தட்டினேன். அவள் படியேறி வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை எங்கே என்று கேட்டாள். நான் அலமாரியைக் காட்டினேன். "காக்கு, சாவி எங்கே?" என்றாள். சாவி என் தலையணைக்கு அடியில் என்பது எனக்கு மறந்துபோயிற்று. சட்டைப் பையில் தேடினேன், ஜன்னல் மாடத்தில் தேடினேன். அவள் வாசலுக்கே போய்த் தன் மகளிடம் வெல்லம் கொண்டுவரச் சொல்லி, உன் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். ஆம்புலன்ஸ் வந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் திரும்பி வந்தவள் பழைய ஆள் இல்லை என்று உனக்கே தெரியும். பேச்சு தேடித் தேடி வந்தது, உன்னையே பேரன் என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டாள். ஏழு மாதம் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று உனக்குச் சொன்னேன், டாக்டர் எல்லாம் விளக்கிவிட்டார், நீ எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யாதே என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது, தோசைத் திருப்பி நிமிர்த்தப்பட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ரா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் எங்கிருந்து அந்த ஐம்பத்தைந்தை எடுத்தாள் என்பது எனக்கு அவள் போன பிறகுதான் தெரிந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத உடலியல் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். நான் பத்தாம் வகுப்பு. அதனால் என்ன? கப்பல் சரக்குப் பட்டியலைப் படித்தவனுக்கு இதுவும் பட்டியல்தான். பூட்டிய கிடங்கில் சரக்கு அசையாது என்பது உடம்புக்குப் பொருந்தாது. கல்லீரலில் உடம்பு தனக்கென்று சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கிறது. விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே, நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, எழுந்து நடமாடப் போகிறான் இவன் என்று கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை ஊறத் தொடங்குகின்றன. கல்லீரல் கதவைத் திறந்து சர்க்கரையை வெளியே விடுகிறது. நல்ல உடம்பில் அதற்குச் சரியாக இன்சுலினும் சுரந்து சமன் செய்துவிடும். எங்களைப் போன்றவர்கள் உடம்பில் அது போதாது. ஆகவே ஒரு பருக்கை தின்னாமலே காலை எண் ஏறும்.

எனக்கு இது புத்தகத்தில் புரிந்ததைவிட பாலிகஞ்ச் ஸ்டேஷனில் நன்றாகப் புரிந்தது. தூக்கம் வராமல் ஒருநாள் நாலரைக்கு அங்கே போய் நின்றேன். நாம் யாரும் எழுந்திருக்கவில்லை, கடை திறக்கவில்லை. கேனிங் லோக்கல் ரயிலிலிருந்து பெண்கள் கீரைக் கட்டும் காய் மூட்டையுமாக இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது சந்தை நிறைந்திருக்கிறது. ராத்திரி காலியாக இருந்த சந்தையில் இதெல்லாம் எப்படி வந்தது, யார் திருடி வைத்தது என்று நாம் கேட்பதில்லை. உன் அம்மாவிடம் மட்டும் நான் கேட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. இரவு ஊசி அதிகமானால் நடுராத்திரியில் சர்க்கரை கீழே போகும். உடம்பு பயந்துபோய்ச் சேமிப்பை வாரிக் கொட்டும். அப்போதும் காலை எண் உயரமாகத் தெரியலாம். இந்த இரண்டாவது விஷயம் அவ்வளவு அடிக்கடி நடப்பதில்லை என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். காலை எண்ணை மட்டும் வைத்து ராத்திரி என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தால்தான் தெரியும். உன் அம்மாவுக்கு இதில் எது என்று எனக்கு இனி எப்போதும் தெரியாது. முதலில் விடியற்கால ஏற்றமாக இருந்திருக்கும், நான் கூட்டக் கூட்ட மற்றதும் சேர்ந்திருக்கும். நோட்டில் மூன்றாவது பத்தியே இல்லை.

நடுவில் உன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ விரும்பாவிட்டாலும். நானே என்மேல் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு கிண்ணம் உப்புமா, இன்னொரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அதே கிண்ணம் அதே உப்புமா. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். இப்படி மாற்றி மாற்றி எட்டு நாள் செய்தேன். ராத்திரி உப்புமாதான் ஒவ்வொரு தடவையும் அதிகம் ஏற்றியது. இருட்டினால் தூக்கத்துக்கான மெலடோனின் ஊறுகிறது, அது இன்சுலினைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இது தின்கிற நேரமில்லை என்று சொல்கிற பொழுதில் நீ ராத்திரி ஷிஃப்டில், நியூ டவுனில் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து பிரியாணி தின்கிறாய். காலை ஏழு மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறாய். திரையை இழுத்தால் உன் கண்ணுக்கு இருட்டும், கல்லீரலுக்கு இருட்டாது. உங்கள் கம்பெனிப் பரிசோதனையில் எண் விளிம்பில் இருக்கிறது என்று நீயே சொன்னாய், பார்டர்தானே என்றாய். உனக்கு அம்மா பக்கமும் இது, அப்பா பக்கமும் இது. வேலையை விடு என்று சொல்ல நான் யார். ஷிஃப்டுக்குப் போகும் முன்னால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் ஏதாவது லேசாகத் தின்னப் பழகு. இதைக் கேட்கமாட்டாய். எழுதி வைக்கிறேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக நான் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குத்திப் பார்க்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் புரட்டிப் பார்க்கிற நோட்டில் அந்த எண்கள் இல்லை. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறேன். பத்தொன்பது ராத்திரியில் நாலு ராத்திரி எழுபதுக்குக் கீழே. நீ அனுப்பிய படத்தில் இருக்கிற அந்தச் செவ்வாய்க்கிழமை 52. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு 194. நீ பார்த்தது அந்த 194ஐத்தான். நடுவில் நான் அள்ளித் தின்ற சர்க்கரையும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதைத் தின்னாமல் இருந்திருந்தால் 194ஐ எழுத ஆள் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கரண்டி எடுக்காததற்குக் காரணம், கரண்டி எங்கே இருக்கிறதென்று அப்போது எனக்குப் புரியவில்லை. எங்கே போகிறோம் என்பதே பாதிவழியில் மறந்துவிட்டது. காலில் ஜில்லென்று தரை பட்டதும் இந்த இடத்தில்தான் அவள் கிடந்தாள் என்று நினைவு வந்தது, அப்புறம்தான் டப்பா நினைவு வந்தது. படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார். டப்பாவைப் பார்க்காதே, என் கையைப் பார். பாதிச் சர்க்கரை தரையில் கொட்டுகிறது.

இதை ஏன் உன்னிடம் மறைத்தேன் என்று கேட்பாய். நாலு ராத்திரி இப்படி ஆயிற்று என்று தெரிந்தால், தனியாக இருக்க வேண்டாம் என்று பதினாலாவது மாடியில் இருக்கும் உன் வீட்டுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய், அல்லது ராத்திரிக்கு ஓர் ஆயாவை வைத்துவிடுவாய். அதற்குப் பயந்தேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு இந்த வயதிலும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ செய்ததும் தப்பு. என்னிடம் கேட்காமல் அந்த கேமராவை மாட்டியது தப்பு. முப்பத்தேழு வருஷம் ஒரு பெட்டி குறையாமல் ஒப்படைத்தவனின் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு நேராகக் காவல் வைத்தாய். கண்ணால் பார்த்துவிட்டேன் என்கிறாய். நானும் கண்ணால்தான் பார்த்தேன், வளையத்துக்குள் செருகியிருந்த காம்பை.

திங்கட்கிழமை வா. டாக்டரிடம் போவோம். நோட்டை நானே எடுத்து வருகிறேன், இரண்டு பக்கத்தையும் அவர் பார்க்கட்டும். நான் வாய்திறந்து எதுவும் கற்றுத்தர மாட்டேன், என் புத்தகத்தையும் எடுத்துவர மாட்டேன். கூட்டுவதோ குறைப்பதோ வேறு ஊசி மாற்றுவதோ அவர் செய்யட்டும், மூன்று மணி எண்ணைப் பார்த்த பிறகு செய்யட்டும். அதைப் பார்க்காமல் நாலு யூனிட் கூட்டினால் நான் போட்டுக்கொள்ள மாட்டேன். நீ எவ்வளவு கத்தினாலும் சரி. இந்த வீட்டை விட்டும் வரமாட்டேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேமராவைக் கழற்று என்று போன வாரம் கத்தினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இருக்கட்டும். ஆனால் ஃப்ரிட்ஜைப் பார்த்து இருக்க வேண்டாம், என் கட்டிலைப் பார்த்துத் திருப்பி வை. நம் குடும்பத்திலேயே மூன்று மணிக்கு விழித்திருக்கிற ஆள் நீ ஒருவன்தான். உன் அம்மாவுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை, இருந்த ஒருவன் தலைவலி வரும் என்று படுத்துக்கொண்டான். அலாரம் அடித்ததும் நான் எழுந்து உட்கார்ந்து குத்திக்கொண்டு, மீட்டரை கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறேன். போனில் பேசிக்கொண்டிருக்கும் உன் அமெரிக்கக்காரனிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பார். நான் டப்பாவில் கைவிட்டால் கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்துவேன், அதையும் பார். அலாரம் அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை என்றால் போன் செய். போனை எடுக்கவில்லை என்றால் ஷிப்ராவை எழுப்பு. வாசல் சாவி ஒன்றை நேற்றே அவளிடம் கொடுத்துவிட்டேன். வாங்கும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பித்தளைப் பூட்டைக் கழற்றி உன் அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். சர்க்கரை டப்பா இப்போது கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருக்கிறது. இருட்டில், நடுங்குகிற கையால் மூடியைத் திருகித் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்துவிட்டது. அதனால் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். எறும்பு வருகிறது. வரட்டும்.

அப்பா